மரப்பாலத்துக்கு நேரே காலியிடம்

ஜூன் 5

டேய் ஊமைக்கோட்டான்,

நாளைக்கு வேன் மேலே வருகிறது, ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டுமா என்று நம் பாட்டுக்கார டிரைவர் கேட்டார். ஒரு கடிதம் இருக்கிறது என்றேன். "உங்க தம்பி பதில் போடுவாருன்னு நம்பிக்கை இருக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டீயரிங்கில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். நம் வீட்டு லட்சணம் ஊருக்கே தெரிந்திருக்கிறது.

நீ அந்த ஆற்று நீர்மட்ட நிலையத்துக்குப் போய் அரை வருஷம் ஆகிறது. அம்மா காரியம் முடிந்த கையோடு மாறுதல் வாங்கிக்கொண்டு மலையேறிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஆபீஸில் டைப் அடிக்கிற பெண் வந்து, "என்னக்கா, தம்பி மேல போறாராமே, பெட்டி கட்டியாச்சா?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியும். தெரிந்த மாதிரி தலையாட்டினேன். அந்த நடிப்புக்கு ஒரு பரிசு கொடுக்கலாம்.

நான் சொன்னது உனக்குச் சுட்டிருக்கும். சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால், "இவன் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராதான்னு ஏங்கியே அம்மா போய்ட்டாங்க" என்று கத்தினேன். கத்தியது தப்பு. சொன்னது தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கடைசி மாதம் முழுக்க நீ அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் மரம் மாதிரி உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தவள்.

சரி, வேலை விஷயம். மேலே இருந்து நீ மணிக்கொரு முறை அனுப்புகிற நீர்மட்டத்தை ஆபீஸ் வெப்சைட்டில் போடச் சொல்லியிருக்கிறார் எஞ்சினியர் சார். தரைப்பாலத்தைக் கடக்கிறவர்கள் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளலாம் என்று. நல்ல யோசனைதான். உன் ப்ரோக்ராம் அனுப்புவது என் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் லட்சணமாகத்தான் வருகிறது. மேலே 1, 2, 3, 4, 5 என்று தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே எண்கள், பட்டாளம் மாதிரி. அடியில் 1 ஊற்று, 2 பாறை, 3 மரப்பாலம், 4 தரைப்பாலம், 5 மழை என்று விளக்கம். அதை அப்படியே எடுத்து வெப் பேஜில் ஒட்டினேன். ஒரே கூழ். வரிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது ஊற்று, எது மழை என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. எஞ்சினியர் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கொட்டிப் போன சில்லறை மாதிரி?" என்றார். என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

இன்னொன்று. அங்கே போன் எடுக்காது, ரேடியோ வழியாக உன் ப்ரோக்ராம் அனுப்புகிற எழுத்து மட்டும்தான் கீழே வரும் என்று எனக்குத் தெரியும். அந்த எண்களுக்குக் கீழே 'நலம்' என்று ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பேன். மணிக்கொரு முறை வேண்டாம், நாளைக்கு ஒன்று போதும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் குக்கர்தான் என்னோடு பேசுகிறது. அதற்கும் மூன்று விசிலுக்கு மேல் பேச வராது.

அக்கா


ஜூன் 13

அக்கா,

கடிதம் வந்தது. பிஸ்கட்டும் வந்தது. நன்றி.

எத்தனை ஸ்பேஸ் விட்டாலும் பிரவுசர் அதை ஒரே ஸ்பேஸாகத்தான் காட்டும். வரி முடிவையும் ஒரு ஸ்பேஸ் என்று எடுத்துக்கொள்ளும். கூழானது அதனால்தான். 'ப்ரீ' என்று ஒரு டேக் இருக்கிறது. அதற்குள் போட்டால் வந்தது வந்தபடி நிற்கும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் இருக்கிற ஃபான்ட் போடு. அழகுபடுத்தாதே. அப்படியே காட்டு.

தலைப்பில் இடத்தின் பெயர் ஏன் இல்லை என்று கேட்பாய். தமிழ் எழுத்தில் ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு. வரிசை கோணும். எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை.

'நலம்' போட முடியாது. ஊர் பார்க்கிற பேஜ் அது. தண்ணீர் பார்க்க வருகிறவனுக்கு என் நலம் எதற்கு?

இங்கே தகரக் கூரை. மழை பெய்தால் எதுவும் கேட்காது. பெய்யாவிட்டால் எல்லாம் கேட்கும். ஒரு பல்லி இருக்கிறது. நான் டீ குடிக்கும்போதெல்லாம் மேலே இருந்து பார்க்கும். மேலதிகாரி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

தம்பி


ஜூன் 19

டேய்,

பல்லிக்கு நாலு வரி. அக்காவுக்கு ஒரு நன்றி. அதுவும் பிஸ்கட்டுக்கு.

நீ சொன்ன 'ப்ரீ' போட்டுப் பார்த்தேன். நின்றது, வரிசை கலையாமல் நின்றது. ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. எஞ்சினியர் சார், "பழைய பஸ் டிக்கெட் மாதிரி இருக்கேம்மா, ஜனங்க பார்க்கற பேஜ்ல கொஞ்சம் களை வேண்டாமா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நீ சட்டையை இஸ்திரி போடாமலே போட்டுக்கொண்டு திரிகிறவன், உன் ப்ரோக்ராமும் உன்னைப் போலத்தான் இருக்கும்.

இரண்டு நாள் உட்கார்ந்து நானே ஒரு வழி செய்தேன். நீ அனுப்புகிற வரியை, இடைவெளி வருகிற இடத்தில் எல்லாம் வெட்டு. கிடைக்கிற எண்களை வரிசையாக ஒவ்வொரு கட்டத்தில் போடு. அவ்வளவுதான். கட்டத்துக்கு மேலே பெயர், பெரிய எழுத்தில், தமிழில். தரைப்பாலம் மூன்றடிக்குக் கீழே இருந்தால் பச்சை, மேலே போனால் சிவப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்குக்கூடப் புரியும். ஆபீஸே வந்து பார்த்தது. பாட்டுக்காரர் இனிமேல் இதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுப்பாராம். அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உனக்குத்தான் அங்கே பேஜ் தெரியாதே, கண்ணால் பார்த்து வயிறெரி.

மற்றபடி இங்கே ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. முன்பெல்லாம் நீ ஒரு வார்த்தை சொல்லாமல் போய் சரி செய்துவிட்டு வருவாய். இப்போது அதன் சத்தத்தைக் கேட்டபடி சாப்பிடுகிறேன். அம்மாவின் அறைக் கதவைத் திறந்தும் வைக்க முடியவில்லை, மூடியும் வைக்க முடியவில்லை. பாதி சாத்தி வைத்திருக்கிறேன்.

இப்படியே மூன்று மூன்று வரி எழுதிக்கொண்டிரு. ஒரு வியாழக்கிழமை நானே வேனில் ஏறி உன் வாசலில் வந்து நிற்கப் போகிறேன். அப்போது தெரியும் சேதி.

அக்கா


ஜூன் 27

அக்கா,

அச்சைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் நான் அனுப்புவது இது இல்லை. எண்கள் இருக்கின்றன, நான் விட்ட இடைவெளி இல்லை. அப்படியே காட்டு என்று எழுதினேன். அப்படியே காட்டு.

குழாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது தேய்ந்திருக்கும். என் மேஜையின் கீழ் இழுப்பறையில் புதிதாக ஒன்று இருக்கிறது.

அம்மாவைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே.

வேனில் வராதே. மழைக்காலம். பாதை சரியில்லை.

தம்பி


ஜூலை 7

அக்கா,

வியாழக்கிழமை வேன் வரவில்லை. காலையிலிருந்தே பேய் மழை. வண்டி தாமதம் என்று நினைத்துச் சாயங்காலம் வரை வாசலில் நின்றேன். இன்றைக்குக் காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்த வனக்காவலர்தான் சொன்னார், தரைப்பாலத்தில் வேனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று. "ஆள் இருக்காரா?" என்று கேட்டேன். "தெரியலையேப்பா, எனக்கும் கேள்விதான்" என்றார். வண்டியில் டிரைவர் மட்டுமா, வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

பாட்டுக்காரர் எப்படி வண்டியைத் தண்ணீரில் இறக்கினார் என்று எனக்குப் புரியவில்லை. அன்று காலை தரைப்பாலத்தில் நாலரை அடிக்கு மேல் தண்ணீர். நான் அனுப்பினேன். அவர் பார்க்காமல் கிளம்புகிற ஆளும் இல்லை.

நீ ஒரு வியாழக்கிழமை வேனில் ஏறி வருவேன் என்று எழுதியிருந்தாய். நான் வராதே என்று எழுதினேன். வராதே என்றால் வருகிறவள் நீ. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்த வாக்கியத்தை ஏன் எழுதினேன் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வனக்காவலர் இன்றைக்கே திரும்புகிறார். இதை அவரிடம் கொடுக்கிறேன். அவர் மறுபடி வர நாலைந்து நாள் ஆகுமாம். அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த ரேடியோவில் என்னால் அனுப்பத்தான் முடியும், கேட்க முடியாது.

நீ பதில் எழுது. பெரிதாக வேண்டாம். 'நலம்' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்.

தம்பி


ஜூலை 10

தம்பி,

நலம்.

முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடு. நான் வேனில் ஏறவில்லை. ஏறுவதாகத்தான் இருந்தேன், பை கூடக் கட்டிவிட்டேன். காலையில் மழையைப் பார்த்து எஞ்சினியர் சார் லீவு தரவில்லை. உன் கடிதத்தை வனக்காவலர் கொண்டுவந்து கொடுத்தபோது ஆபீஸ் வராந்தாவில் நின்றபடியே படித்தேன். ஒரே ஒரு வார்த்தைக்கு ஒருத்தி எப்படித் தவித்திருப்பாள் என்று இப்போதாவது உனக்குத் தெரிந்திருக்கும். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை.

பாட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். பாலத்துக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கயிறு போட்டு இழுக்கும் வரை தொங்கினாராம். தோள்பட்டை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். "பாட்டு வருதுங்க, மூச்சுதான் வர மாட்டேங்குது" என்றார். அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேனும் போச்சு, தபால் பையும் போச்சு. நான் உனக்கு எழுதிய நாலு பக்கமும் அதில்தான் இருந்தது.

இனிமேல் சொல்லப் போவதைக் கவனமாகப் படி. கிளம்பும் முன் அவர் என் அறைக்கு வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று பேஜைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தரைப்பாலம் 1.2, பச்சை. மழைக் கட்டம் காலி. "மேல மழையே இல்ல போல, இங்க மட்டும்தான் கொட்டுது" என்றேன். "ஒண்ணே கால் அடிகூட இல்லையே, குழந்தைகூட நடந்து போய்டும்" என்று சொல்லிவிட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டு போனார். நான்தான் அனுப்பி வைத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நீ நாலரை அடிக்கு மேல் அனுப்பினேன் என்கிறாய். பேஜில் ஒன்றேகால்கூட இல்லை. நீ அனுப்புகிற கோப்பு மணிக்கொரு முறை புதிதாக எழுதப்படுகிறது, பழையது அழிந்துவிடும். என்னிடம் கட்டங்கள் மட்டும்தான் இருக்கின்றன. "ஸ்டேஷன் தப்பான நம்பர் அனுப்பியிருக்கு. உங்க தம்பிங்கறதுக்காக நான் எழுதாம இருக்க முடியாதும்மா" என்று எஞ்சினியர் சார் அறிக்கை தயார் செய்துவிட்டார். பேஜை நடத்துகிறவள் என்று அதில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் உன்னை அங்கிருந்து இறக்கிவிடுவார்கள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? இறக்கிவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவாய் அல்லவா என்று ஒரு கணம் எனக்கு ஆசை வந்தது. பேனாவைக் கையில் எடுக்கவும் செய்தேன். அப்புறம் உன் முகம் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பில் உன்னைத் திருடன் என்று வாத்தியார் சொன்னபோது, இல்லை என்றுகூடச் சொல்லாமல் நின்றாயே, அந்த முகம்.

இந்த முறையும் அப்படி நிற்காதே. என்ன அனுப்பினாய் என்று சொல்.

அக்கா


ஜூலை 15

அக்கா,

அவர் பிழைத்தது நல்லது. அவர் மனைவியிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

இங்கே ஒரு சின்ன பிரிண்டர் இருக்கிறது. அனுப்புவதை எல்லாம் காகிதச் சுருளில் அடிக்கும். ஜூலை 4 காலை வரியை வெட்டி இதோடு ஒட்டியிருக்கிறேன். ஒட்டியது பிய்ந்தால் தெரியட்டும் என்று கீழே எழுதியும் வைக்கிறேன்.

1        2        3        4        5
2.1      3.4               4.6      1.2

மூன்றுக்குக் கீழே ஒன்றும் இல்லை, பார். மரப்பாலத்து சென்சாரில் அன்று விடியும்போதே ஒரு மரம் வந்து மோதியிருக்கிறது. அளவு வரவில்லை. அளவு வராத இடத்தில் நான் எண் போட மாட்டேன். சைபரும் போட மாட்டேன், சைபர் என்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். காலியாக விடுவேன். தரைப்பாலம் 4.6 அடி. மழை 1.2 சென்டிமீட்டர்.

நீ இடைவெளியில் வெட்டி எண்களை வரிசையாகக் கட்டத்தில் போட்டாய். அந்த இடைவெளி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உன் கத்திக்கு அது ஒரே இடைவெளிதான். நாலு எண் கிடைத்திருக்கும். மூன்றாவது கட்டத்தில் 4.6 போய் உட்கார்ந்திருக்கும். மரப்பாலம் உயரமானது, அங்கே 4.6 என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள். நாலாவது கட்டத்தில் மழையின் 1.2. ஐந்தாவது காலி. மழைக்கு நேரே காலியாக இருந்தால் மழை இல்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் நினைப்பேன்.

உன் அச்சைப் பார்த்த அன்றைக்கே எனக்கு இது உறுத்தியது. ஒரு சென்சார் செத்தால் நீ என்ன செய்வாய் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. 'அப்படியே காட்டு' என்றதில் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தேன். எனக்குள் அடங்கியிருந்தது. உனக்கு எப்படித் தெரியும்? எஞ்சினியரிடம் இதையும் சேர்த்துச் சொல்.

பேச ஆரம்பித்துவிட்டேன், அடித்த பத்தியையும் எழுதிவிடுகிறேன்.

கடைசி மாதம் எனக்குக் காலை ஷிப்ட். மதியம் வீட்டுக்கு வந்தால் நீ ஆபீஸிலிருந்து வரும் வரை அம்மாவும் நானும்தான். முதல் இரண்டு நாள் ஏதாவது பேச வேண்டுமே என்று நான் திணறினேன். மழை வரும் போல இருக்கிறது, பால் நன்றாக இருந்ததா, அந்த மாதிரி. அம்மா என் கையைப் பிடித்து, "நீ எதுக்குடா கஷ்டப்படற? உங்கக்கா வந்ததும் பேச்சு ஆரம்பிச்சிடும். அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் சும்மா இருப்போம்" என்றார். அப்புறம் தினமும் அப்படித்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்காருவேன். அம்மா ஜன்னலைப் பார்ப்பார். நான் அம்மாவைப் பார்ப்பேன். சாயங்காலம் கேட் சத்தம் கேட்டதும், "வந்துட்டா, ரேடியோ போட்டாச்சு" என்று சிரிப்பார். நீ உள்ளே வரும்போது நாங்கள் இருவரும் சிரித்து முடித்திருப்போம். நீ பார்த்தது மரத்தைத்தான்.

அம்மா ஏங்கவில்லை அக்கா. அதைச் சாவு வீட்டில் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அது எனக்கும் அம்மாவுக்குமான விஷயமாக இருந்தது. உன்னிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாம். அதற்குள் மலையேறிவிட்டேன்.

தம்பி


ஜூலை 22

தம்பி,

உன் கடிதத்தை நான் மூன்று இடத்தில் வைத்துப் படித்தேன். ஆபீஸில் பாதி. பஸ்ஸில் மீதி. அம்மாவின் அறையில், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நீ உட்காருகிற நாற்காலியில், முழுவதும். அழுதேன். ரேடியோ என்று அம்மா சொன்னதற்குச் சிரித்தேன், அதற்கும் சேர்த்து அழுதேன். நான் வந்து பேசித்தான் அம்மாவுக்குப் பொழுது போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இல்லாத நேரத்திலும் அந்த வீட்டில் ஏதோ நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொறாமையாகக்கூட இருக்கிறது, போடா.

ஆபீஸ் விஷயம். உன் காகிதத் துண்டை எடுத்துக்கொண்டு போய் எஞ்சினியர் சார் முன்னால் வைத்தேன். "சார், ஸ்டேஷன் சரியாத்தான் அனுப்பியிருக்கு. தப்பு என் கட்டத்துல" என்றேன். அவர் நம்பவில்லை. அவர் முன்னாலேயே அந்த வரியை என் ப்ரோக்ராமுக்குள் போட்டுக் காட்டினேன். தரைப்பாலம் 1.2, பச்சை. மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "களை வேணும்னு கேட்டது நான்தானேம்மா" என்றார். அறிக்கையைத் திருப்பி எழுதியிருக்கிறோம். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். வரட்டும். நீ சொன்ன உன் பங்கையும் சொன்னேன், அவர் அதை எழுதவில்லை. "அவர் பேசாததுக்கெல்லாம் அறிக்கையில இடம் இல்ல" என்றார்.

பாட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். காரணத்தைச் சொன்னேன். அவர் மனைவி நின்றபடியே கேட்டார். கடைசியில் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பேசவில்லை. வைத்தார். எனக்கு அது போதும்.

பேஜை மாற்றிவிட்டேன். கட்டம் எல்லாம் போயிற்று. நீ சொன்ன 'ப்ரீ' டேக், ஒரே அகல எழுத்து, நீ அனுப்புவது அனுப்பினபடி. மரப்பாலத்துக்கு நேரே இன்னும் காலியாகத்தான் வருகிறது. வேலையைச் செய்துகொண்டே அடிக்கடி அந்த இடத்தைப் பார்க்கிறேன். சுற்றி இருக்கிற எண்களைவிட அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. "இங்க என்னமோ விட்டுப் போச்சு" என்று நேற்று இரண்டு பேர் போன் செய்து கேட்டார்கள். அங்கே அளவு வரவில்லை, பாலம் பக்கம் போகாதீர்கள் என்றேன்.

ஆற்றோடு போன நாலு பக்கத்தில் என்ன இருந்தது என்று நீ கேட்க மாட்டாய், தெரியும். உன்னைத் திட்டியிருந்தேன். நாலு பக்கமும் திட்டு. கடைசி வரி மட்டும் வேறு.

வாஷர் இழுப்பறையில் இருந்தது. மாற்றினேன். இப்போது சொட்டவில்லை. வீடு இன்னும் அமைதியாகிவிட்டது, அதுதான் கொடுமை.

அக்கா


ஆகஸ்ட் 1

அக்கா,

மரப்பாலத்து சென்சாரை மாற்றிவிட்டேன். இனி அங்கே எண் வரும்.

தரைப்பாலத்தைச் சரி செய்யும் வரை மேலே வண்டி வராது என்று வனக்காவலர் சொன்னார். அரிசி இருக்கிறது. டீத்தூள் குறைவு. மேலதிகாரிக்கு வால் அறுந்து புதிதாக முளைத்துக்கொண்டிருக்கிறது. அவரை விசாரித்ததாகச் சொல்லவில்லை நீ.

எச்சரிக்கைக் கடிதம் வந்தால் எனக்கு அனுப்பு. பாதி என்னுடையது.

இங்கே பேச ஆள் இல்லை என்பது எனக்கு ஒரு குறையாக இருந்ததில்லை. அதற்காகத்தானே வந்தேன். ஆனால் சும்மா இருப்பதற்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் போலிருக்கிறது. தனியாகச் சும்மா இருந்தால் அது வேறு மாதிரி இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மலை தேவைப்பட்டது.

கடைசி வரி என்ன?

தம்பி


ஆகஸ்ட் 8

டேய் ஊமைக்கோட்டான்,

இன்று காலை நான் இன்னும் பையைக்கூட மேஜையில் வைக்கவில்லை. எஞ்சினியர் சார் தன் அறையிலிருந்து கூப்பிட்டார். பேஜைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா இது? ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் சரியா இருக்கு. மரப்பாலத்துக்குக்கூட நம்பர் வந்துடுச்சு. புதுசா ஆறுன்னு ஒண்ணு வருதே?"

எட்டிப் பார்த்தேன். ஐந்துக்குப் பக்கத்தில் 6. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அடியில் விளக்கத்தில், 5 மழைக்குக் கீழே, நீ சேர்த்திருந்தாய்: 6 பேச்சு.

"பேச்சுன்னு போட்டிருக்கு, மேல பார்த்தா காலியா இருக்கு. ப்ரோக்ராம்ல ஏதாவது கோளாறா? எடுத்துடச் சொல்லட்டுமா?" என்றார்.

நான் பேச முடியாமல் நின்றதை அந்த மனிதர் இன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.

"அது காலி இல்லைங்க சார்" என்றேன். "அது என் தம்பி."

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அப்புறம், "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார். ஊர் பார்க்கிற பேஜில் உன் நலம் எதற்கு என்று கேட்டவன் நீ. இப்போது மணிக்கொரு முறை ஊரே பார்க்கிறது. நானும் பார்க்கிறேன். மத்தியானத்துக்குள் எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதே, வேலை ஓடவில்லை.

இதை எடுத்துக்கொண்டு வருகிற வனக்காவலரிடம் டீத்தூள் கொடுத்திருக்கிறேன். மேலதிகாரியின் வாலை விசாரித்தேன் என்று சொல். பாட்டுக்காரர் எழுந்து நடக்கிறார், பாட்டும் திரும்பி வந்துவிட்டது, தெருவே அவதிப்படுகிறது. பாலம் வேலை முடிந்ததும் முதல் வண்டியை அவர்தான் ஓட்டுவாராம். மேலே போகும்போது காலியாகப் போய், இறங்கும்போது ஒரு ஆளோடு வருவேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக.

கடைசி வரி கேட்டாயே. 'வா' என்பதுதான். நாலு பக்கம் திட்டிவிட்டு அடியில் ஒரே ஒரு எழுத்து. மற்றதை ஆறு கொண்டுபோகட்டும், அதை மட்டும் மறுபடி எழுதுகிறேன்.

வா. அம்மாவின் அறைக் கதவை இன்றைக்கு முழுவதும் திறந்து வைத்திருக்கிறேன். உன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். வந்து எதுவும் சொல்ல வேண்டாம், உட்கார். நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் சும்மா இருந்து பார்க்கிறேன். எவ்வளவு நேரம் தாங்குவேன் என்று தெரியாது. சாயங்காலம் கேட் சத்தம் கேட்கும்போது அம்மா சிரிப்பாரே, அந்த நேரம் வரையிலாவது.

ரேடியோ